மைலேஜ் கேட்கும் முதலாளிகளுக்கு

மதுரை மாநகரிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருப்புவனம் பக்கங்களிலும் சொந்தமாக லாரி வைத்து ஓட்டும் முதலாளிமாருக்கு,

நூறு வண்டி நிறுத்தியிருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு எழுதுவதல்ல இது. ஒரு வண்டி, இரண்டு வண்டி, மிஞ்சினால் ஐந்து வண்டி வைத்துக்கொண்டு, மாதம் பிறந்தால் ஃபைனான்ஸ் டியூவை நினைத்துத் தூக்கம் கெடுகிறவர்களுக்கு எழுதுகிறேன். டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் டிரிப் ஷீட் எழுதுவது என் வேலை. அதனால் உங்கள் வரவு செலவு எனக்குத் தெரியாததல்ல. டோல், இன்சூரன்ஸ், காலாண்டு வரி, எஃப்.சி., டயர் என்று எல்லாம் ஒருபுறம் இருக்க, வாடகையில் ஏறத்தாழப் பாதியை டீசலே கொண்டுபோகிறது. மற்ற செலவுகளில் உங்கள் கை ஓங்காது. டோலைக் குறைக்கச் சொல்லிக் கப்பலூரில் எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது என்பது உங்களுக்கே தெரியும். டீசலை மட்டும்தான் நம்மால் பிடிக்க முடியும் என்று நினைக்கிறீர்கள். நினைப்பு சரிதான். பிடிக்கும் இடம்தான் தவறு.

வண்டி ஷெட்டுக்கு வந்ததும் டிரைவர் இறங்கி முகம் கழுவுவதற்குள் கேள்வி வந்துவிடுகிறது: "மைலேஜ் எவ்வளவுப்பா வந்துச்சு?" லிட்டருக்கு நாலு என்று பேசியிருந்து மூணே முக்கால் வந்தால், குறைந்த டீசலுக்குரிய பணத்தை அவருடைய பேட்டாவில் பிடிக்கும் வழக்கம் நம் வட்டாரத்தில் பல ஆபீஸ்களில் இருக்கிறது. இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இரக்கப்பட்டு விடச் சொல்லவில்லை. உங்கள் டீசல் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

மைலேஜ் என்ற அந்த ஒரு எண்ணை நம்பி நாம் எவ்வளவு ஏமாறுகிறோம் என்று பாருங்கள். பத்துச் சக்கர லாரி ஒன்று மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 18 டன் ஏற்றிக்கொண்டு போகிறது. தூரம் 140 கிலோமீட்டர் என்றும், லோடோடு லிட்டருக்கு நாலு என்றும் வைத்துக்கொள்வோம். 35 லிட்டர் ஆகும். திரும்பும்போது லோடு கிடைக்காமல் எம்டியாக வருகிறது. லிட்டருக்கு ஆறு கொடுக்கும். 23 லிட்டர் சொச்சம். மொத்தம் 58 லிட்டர். ஷீட்டில் சராசரி மைலேஜ் 4.8 என்று விழும். முதலாளிக்கு மனசு குளிரும். அதே வண்டி திரும்பும்போதும் 18 டன் ஏற்றி வந்தால் 70 லிட்டர் ஆகியிருக்கும், மைலேஜ் நாலாக இறங்கியிருக்கும். ஆனால் சுமந்த சரக்கு இரண்டு மடங்கு. எம்டியாக வந்த டிரிப்பில் ஒரு லிட்டர் டீசல் ஒரு டன் சரக்கை 43 கிலோமீட்டர் கொண்டுபோனது. இரு பக்கமும் லோடு இருந்த டிரிப்பில் 72 கிலோமீட்டர். மைலேஜ் நன்றாகத் தெரிந்த டிரிப்தான் டீசலை அதிகம் வீணாக்கிய டிரிப்.

ரிட்டர்ன் லோடு பிடிப்பது டிரைவர் வேலையா? அது உங்கள் வேலை, என்னைப் போன்ற புக்கிங் ஆபீஸ்காரர்களின் வேலை. இதற்கு யார் பேட்டாவிலும் யாரும் பிடிப்பதில்லை.

இன்னொன்று, வண்டி வாங்கும்போது ஷோரூமில் சொன்ன எண்ணை மனதில் வைத்துக்கொண்டு டிரைவரிடம் அதைக் கேட்கிறவர்கள் உண்டு. 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வாகனங்களுக்கு எரிபொருள் தரம் வகுத்து மத்திய அரசு 2017-இல் அறிவிப்பு வெளியிட்டது. அதற்கான சோதனை எப்படி நடக்கிறது? வண்டியை 40 கிலோமீட்டரிலும் 60 கிலோமீட்டரிலும் ஒரே சீரான வேகத்தில் ஓட்டி அளக்கிறார்கள். நிற்பது, நகர்வது, மீண்டும் நிற்பது எதுவும் அதில் இல்லை. ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வருவதற்குள் எத்தனை முறை கிளட்ச்சை மிதிக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒருநாள் கேபினில் ஏறி உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். சோதனைத் தடத்தின் கணக்கு அந்த ரோட்டுக்குப் பொருந்தாது.

சரி, டிரைவர் கையில் ஒன்றுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அதை மறைத்தால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை. ஒரே வண்டி, ஒரே லோடு, ஒரே ரோடு. ஆள் மாறினால் டீசல் மாறும். நல்ல பழக்கத்தால் ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை மிச்சமாகும் என்பது பல நாடுகளில் பயிற்சி கொடுத்துப் பார்த்த பலன். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி நாலு கொடுத்தால் 2,000 லிட்டர் செலவு. அதே வண்டி 4.4 கொடுத்தால் 1,818 லிட்டர். மாதத்துக்கு 182 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டாலும் 16,700 ரூபாய். வருடம் முழுக்கச் சேரும் இந்தப் பணத்திலேயே இரண்டு ஜோடி டயர் வந்துவிடும்.

கை தேர்ந்த டிரைவர் எப்படி ஓட்டுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? மேலூர் ரோட்டில் சிட்டம்பட்டி டோல்கேட் தூரத்தில் தெரிகிறது. முன்னால் நாலைந்து வண்டி நிற்கிறது. தேர்ந்தவர் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். கியரை எடுக்கவில்லை, கிளட்ச்சைத் தொடவில்லை. வண்டி தன் போக்கில் வேகம் இறங்கி வருகிறது. வரிசைக்கு அருகே வரும்போது முன்னால் நின்ற வண்டிகள் போய்விட்டிருக்கும். இவர் நிற்காமலே நுழைகிறார். இன்னொருவர் கடைசி வரை மிதித்துக்கொண்டு போய், 'புஸ்' என்று காற்று பிரிய பிரேக் அடித்து நிறுத்துகிறார். இருவருக்கும் நேரத்தில் அரை நிமிட வித்தியாசம்கூட இருக்காது. டீசலில் இருக்கிறது. முழு லோடு ஏற்றிய 28 டன் வண்டியை நின்ற நிலையிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர மட்டுமே கால் லிட்டருக்கு மேல் டீசல் எரிகிறது. ஏறத்தாழ 25 ரூபாய். பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது அந்த 25 ரூபாய் பிரேக் டிரம்மில் சூடாகப் போய்விடுகிறது. தேவையில்லாத ஒவ்வொரு பிரேக்குக்கும் அதே கணக்கு.

கியரும் அப்படித்தான். மீட்டரில் பச்சைக் கோடு போட்டிருக்கும் இடத்துக்குள் முள்ளை வைத்திருந்தால் இஞ்சின் குறைந்த டீசலில் அதிக இழுவை கொடுக்கும். உறுமவிட்டு ஓட்டினால் சத்தம் கூடும், வண்டிக்கு இழுவை கூடாது.

ஒரு பழைய பழக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு வண்டியை உருட்டிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டீசல் மிச்சம் என்று நம்பிச் செய்கிறார்கள். மைலேஜுக்குப் பணம் பிடிக்கும் ஆபீஸ் டிரைவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்பது என் அனுபவம். இன்றைய காமன் ரெயில் இஞ்சினில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால், வண்டியின் ஓட்டமே இஞ்சினைச் சுற்றிவிடும். டீசல் அடிப்பதைக் கம்ப்யூட்டர் முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள ஐடிலுக்கு உண்டான டீசலைக் குடித்தே ஆக வேண்டும். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறார்கள். அதைவிட மோசம், இஞ்சின் பிரேக் இல்லாமல் போவது. மொத்த எடையும் டிரம் பிரேக்கின் மேல் விழுந்து, சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காமல் போகும். நாம் பிடித்த ஐந்நூறு ரூபாய்க்குப் பயந்து ஒருவர் இப்படி இறங்கினால், அந்த விபத்துக்கு யார் பொறுப்பு?

இதையெல்லாம் முறையாகச் சொல்லிக்கொடுக்க இடங்கள் இருக்கின்றன. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் டிரைவர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சி இருக்கிறது. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் 1978-இல் தொடங்கிய பி.சி.ஆர்.ஏ. அமைப்பு டீசல் சிக்கனத்துக்கென்றே டிரைவர்களுக்கு வகுப்பு நடத்துகிறது. உங்கள் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போட்டு மதுரைக்கே அழைக்கலாம். வகுப்புக்கு வரும் நாளுக்கு டிரைவருக்குப் பேட்டா கொடுங்கள். அது இல்லாமல் யார் வருவார்?

இனி டிரைவரின் கையில் இல்லாதவற்றுக்கு வருகிறேன். என் மனம் அதிகம் கனப்பது இங்கேதான்.

முதலாவது நேரம். "காலையில ஆறு மணிக்கு கேட்ல நிக்கணும்" என்று போனில் சொல்கிறோம். தூத்துக்குடி ரோட்டில் 60-இல் போனால் இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். 80-இல் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம். மிச்சம் 35 நிமிடம். 60-லிருந்து 80-க்குப் போகும்போது எதிர்க்காற்றின் தடை ஏறத்தாழ 78 சதவீதம் கூடுகிறது. காரியாபட்டி தாண்டிக் கரிசல் காட்டில் ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில், கட்டு தளர்ந்த தார்ப்பாய் படபடத்துக்கொண்டு போகும் வண்டிக்கு இது இன்னும் கூடும். இத்தனை டீசலைக் கொடுத்து வாங்கிய 35 நிமிடத்தை என்ன செய்கிறோம்? குடோன் வாசலில் நாலு மணி நேரம் வரிசையில் நிற்கிறோம். வேகத்தைக் குறைத்தால் எண்ணெய் மிச்சமாகும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திய நெருக்கடிக்குப் பிறகு 1974-இல் அமெரிக்கா தன் நெடுஞ்சாலைகளின் வேகத்தை மணிக்கு 55 மைலாகக் கட்டிப்போட்டது இதற்காகத்தான். நமக்குச் சட்டம் தேவையில்லை. ஒரு மணி நேரம் முன்னதாக வண்டியை அனுப்பினால் போதும்.

காத்திருப்பதற்கும் டீசல் எரிகிறது. கூடல்நகர் கூட்ஸ் ஷெட்டில் வேகன் வரக் காத்திருக்கும் லாரிகளையும், பரவை மார்க்கெட் வாசலில் முறைக்கு நிற்கும் லாரிகளையும் பாருங்கள். இஞ்சினின் அளவைப் பொறுத்து மணிக்கு ஒன்றிலிருந்து மூன்று லிட்டர் வரை சும்மா நிற்கும் வண்டி குடிக்கிறது. "ஆஃப் பண்ணுப்பா" என்று சொல்வது எளிது. சித்திரை வெயிலில் இரும்புக் கேபினுக்குள் உட்காரச் சொல்வது எளிதா? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். மிக நல்ல காரியம். ஆனால் இஞ்சின் ஓடினால்தான் அந்த ஏசி ஓடும். ராத்திரி முழுக்க ஓட்டிய மனிதர் பகலில் படுக்க நிழலும், தண்ணீரும், கழிப்பறையும் உள்ள லாரி பார்க்கிங் இருந்தால், இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் படுப்பார். டீசல் விலையைக் குறைக்கச் சொல்லிப் போடும் மனுவோடு இதையும் சேர்த்து மாவட்ட நிர்வாகத்திடம் உங்கள் சங்கங்கள் கேட்க வேண்டும்.

டயரில் காற்று. டிரைவர்கள் லிவரால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்துப் பார்க்கிறார்கள். பஞ்சரா இல்லையா என்பது அதில் தெரியும். 20 பவுண்டு குறைந்திருப்பது தெரியாது. பின்பக்கம் ஜோடியாக ஓடும் டயர்களில் ஒன்றில் காற்று இறங்கினால், பக்கத்து டயர் சுமையைத் தாங்கிக்கொள்வதால் வெளியே தெரியவே தெரியாது. இரண்டும் சேர்ந்து சூடேறித் தேயும். கனரக வண்டியில் டீசலின் மூன்றில் ஒரு பங்கு வரை டயர் உருளும் தடையை வெல்லவே போகிறது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கேஜ் எத்தனை பேருடைய வண்டியில் இருக்கிறது? அதை வாங்கிக் கொடுக்க வேண்டியவர் யார்?

ஓவர்லோடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஜூலையில் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக அரசே உயர்த்திக் கொடுத்தது. அதற்கும் மேல் ஏற்றிவிட்டு மைலேஜ் கேட்பது நியாயமே இல்லை.

எண்ணெய்த் தட்டுப்பாட்டை முதலாளி தன் தலையில் போட்டுக்கொண்ட முன்னுதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை. மதுரையை மையமாக வைத்து பஸ் நடத்திவந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், கரியிலிருந்து எரிவாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியைத் தயாரித்தார். 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று அதற்குப் பெயர். உலையில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் வரும் வாயுவை வடிகட்டி இஞ்சினுக்குக் கொடுப்பது அதன் தத்துவம். இப்படிக் கரிவாயுவில் ஓடும் வண்டிக்கு இழுவை குறையும், மேட்டில் திணறும், கிளம்புமுன் உலையை மூட்ட வேண்டும், சாம்பலை அள்ள வேண்டும். டிரைவருக்குக் கூடுதல் பாடுதான். ஆனாலும் எண்ணெய் இல்லாத கஷ்டத்துக்கு வழி தேடும் பொறுப்பை அந்த முதலாளி ஸ்டியரிங் பிடித்தவர் மேல் தள்ளவில்லை. பட்டறையில் உட்கார்ந்து தானே வழி கண்டார். இந்த ஊரில் லாரி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி இது.

அந்தப் பஸ்கள் 1972-இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாகின. 1997-இல் பெயர் மாறித் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. அங்கே ஓய்வுபெற்ற டிரைவர் எவரிடமாவது பேசிப் பாருங்கள். 'கே.எம்.பி.எல்.' என்ற சொல் தானாக வாயில் வரும். டெப்போவில் தினமும் வண்டிவாரியாக எழுதும் கணக்கு அது. அவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அதே பஸ், அதே ரூட், அதே நேரம். அதனால் நேற்றோடு இன்றை ஒப்பிட முடியும். நம் லாரி ஒருநாள் கீழமாரட் வீதிக்கு வெங்காயம் கொண்டுவரும், மறுநாள் சிமெண்ட் ஏற்றும், அதற்கடுத்த நாள் மேலூர் கல் ஏற்றும். எல்லாவற்றுக்கும் நாலு என்ற ஒரே அளவை எப்படி வைப்பது?

புகையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. முன்னே சொன்ன 182 லிட்டர் மிச்சமானால், ஒரே வண்டியில் மாதம் அரை டன் குறையும். நாட்டில் ஓடும் வண்டிகளில் லாரிகள் 3 சதவீதம்தான். ஆனால் வாகனங்கள் கக்கும் நுண்துகளில் 53 சதவீதம் லாரிகளிடமிருந்து என்று நிதி ஆயோக்கின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ரிங் ரோட்டை ஒட்டிக் குடியிருக்கும் பிள்ளைகள் மூச்சில் இழுப்பது இதைத்தான். நம் டிரைவர்களும் கிளீனர்களும் நாள் முழுக்க இதற்கு நடுவில்தான் இருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைந்தது, புகையைக் கழுவும் ஆட் புளூ பரவலாக வந்தது. அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, ஆட் புளூ இல்லாமலே ஓடும்படி மென்பொருளை மாற்றிக்கொள்ளும் வேலை சிலரிடம் நடக்கிறது. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். அந்த நஞ்சு உங்கள் வண்டியிலிருந்து நம் தெருவுக்குத்தான் வருகிறது.

மின்சார லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. வரட்டும். ஒரு வண்டிக்காரர் அதை வாங்கும் நிலை வரச் சில வருடம் ஆகும். அதுவரை நம் கையில் இருப்பது இந்த டீசலும் இந்த டிரைவரும்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். வெளியே யாரோ சொன்ன நாலையும் ஐந்தையும் விட்டுவிட்டு, உங்கள் வண்டி ஒவ்வொன்றும் எந்த ரூட்டில், எத்தனை டன்னோடு எவ்வளவு குடிக்கிறது என்று மூன்று மாதம் எழுதுங்கள். லோடுக்குத் தனி, எம்டிக்குத் தனி, காத்திருந்த நேரத்துக்குத் தனிக் கட்டம். ஷீட்டை மாற்றி அச்சடிக்க ஆகும் செலவு ஒரு டேங்க் டீசலுக்குக்கூட வராது. நாலாவது மாதத்திலிருந்து, அதே ரூட்டில் அதே லோடில் மிச்சமான லிட்டருக்குரிய பணத்தில் சரிபாதியை டிரைவருக்குக் கொடுங்கள். குறைந்தால் பிடிக்காதீர்கள், கூப்பிட்டுக் கேளுங்கள். டயரா, இன்ஜெக்டரா, ரோடு வேலையா, வரிசையா என்று அவருக்குத் தெரியும். பணம் பிடிக்கிறவரிடம் அவர் அதைச் சொல்ல மாட்டார். பங்கு கொடுக்கிறவரிடம் சொல்வார்.

சில டிரைவர்கள் டீசல் விற்கிறார்களே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாகன டிராக்கிங்கும் டேங்க் சென்சாரும் இப்போது சல்லிசாகக் கிடைக்கின்றன, மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மிச்சம் பிடித்தால் பாதி தனக்கு என்று தெரிந்தவர் ரோட்டோரத்தில் பாதி விலைக்கு விற்க வேண்டிய அவசியம் எங்கே வரும்?

ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை போட்டு, டிரைவருக்கும் கிளீனருக்கும் துணிமணியும் போனஸும் கொடுப்பது நம் வழக்கம். இந்த வருடம் அந்தக் கவரோடு மிச்சமான டீசலின் கணக்கையும் அவர் முன்னால் விரித்து வைத்து, அவர் பங்கை எண்ணிக் கொடுங்கள். புது ஷீட்டின் மாதிரி வேண்டுமென்றால், வரைந்து தர நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் டிரிப் ஷீட்டுகளை எழுதும் ஒருவன்
மதுரை